44 வாக்கியங்களில் ஒரு மனுஷன்

என் தங்கை மகன் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தான். இன்டர்வ்யூவுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. கணக்கு இல்லை, ஜெனரல் நாலெட்ஜ் இல்லை. 'நீ எப்படிப்பட்டவன்?' என்று அவனையே கேட்கிற பரீட்சை. வரிசையாக வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து வட்டங்கள். ஒரு கோடியில் 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்', மறுகோடியில் 'முழுக்க மறுக்கிறேன்'.

"மாமா, 'அடிக்கடி மூட் மாறும்'னு ஒண்ணு இருக்கு. என்ன போடட்டும்?"

"மாறுமாடா?"

"மாறும். மேட்ச் தோத்தா மாறும்."

"அப்ப ஒத்துக்கோ."

"ஒத்துக்கிட்டா எவன் வேலை குடுப்பான்?"

நியாயமான கேள்வி. நடு வட்டத்தை அமுக்கினான். அதற்கப்புறம் சந்தேகம் வந்த இடமெல்லாம் நடு வட்டம்தான். ஒரு வாரம் கழித்து மெயில் வந்தது. இந்தப் பதவிக்கு வேண்டிய ஆளுமைக் கூறுகள் அவனிடம் போதிய அளவில் தென்படவில்லையாம். (கம்பெனி பெயர் வேண்டாம்.) "எனக்குப் பர்சனாலிட்டியே இல்லையாம் மாமா" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தங்கை சிரிக்கவில்லை.

புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். கோடிக்கணக்கான பேர் படித்து, பதில் எழுதி, அதனால் வேலை கிடைத்தோ கிடைக்காமலோ போகிற இந்தக் கேள்வித்தாளுக்கு யாரும் எழுதுவதில்லை. எனவே இந்த வாரம் அது.

இந்த வகையறாவில் ரொம்பப் பிரபலமானதை எடுத்துக்கொள்வோம். 'பிக் ஃபைவ் இன்வென்டரி'. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆலிவர் ஜானும் இருவரும் சேர்ந்து 1991-ல் உருவாக்கியது. மொத்தம் 44 வாக்கியங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கம்தான்: என்னை நான் இப்படிப்பட்ட ஆளாகப் பார்க்கிறேன். அதன் பின்னால் ஒரு குணம். வாயாடி, சோம்பேறி, கவலைப்படுகிறவர், நம்பகமானவர், கற்பனை உள்ளவர் இப்படி.

முதல் பிரச்னை அந்தத் தொடக்கத்திலேயே இருக்கிறது. நான் வாயாடியா? யாரிடம்? நண்பர்களோடு காபி சாப்பிட உட்கார்ந்தால் என்னை நிறுத்த முடியாது. மாமனார் வீட்டு ஹாலில் உட்கார்ந்தால் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராது. இரண்டில் எந்த 'நானை' நான் பார்ப்பது? கேள்வித்தாள் கேட்காது. எதிரே யாரும் இல்லாத அறையில், கண்ணாடி முன்னால் தனியாக நிற்கிற ஒரு மனிதன்தான் அதன் வாசகன். அப்படி நின்று பழகியவர்களுக்குச் சுலபம்.

சரி, இந்தக் குணங்கள் எங்கிருந்து வந்தன? டிக்‌ஷனரியிலிருந்து. நிஜமாகவே. 1936-ல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஒரு பெரிய ஆங்கில அகராதியைப் பிரித்து, மனிதர்களை வேறுபடுத்திச் சொல்லப் பயன்படும் வார்த்தைகளைப் பொறுக்கினார்கள். 17,953 வார்த்தைகள் தேறின. மனுஷனுக்கு முக்கியமான குணம் எதுவாக இருந்தாலும் அதற்குப் பாஷையில் ஒரு வார்த்தை உண்டாகியிருக்கும் என்பது சித்தாந்தம். அழகான யோசனை. பின்னால் வந்தவர்கள் வடிகட்டினார்கள். ஃபேக்டர் அனாலிசிஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பயப்பட வேண்டாம், விஷயம் இவ்வளவுதான்: 'நான் வாயாடி' என்பதற்கு ஆமாம் போடுகிறவர்கள் 'நான் கலகலப்பானவன்' என்பதற்கும் ஆமாம் போடுகிறார்களா என்று பார்ப்பது. போட்டால் அந்த இரண்டும் ஒரே டப்பா. இப்படிப் போட்டுப் போட்டுப் பார்த்ததில் அமெரிக்காவில் ஐந்து டப்பாக்கள் மிஞ்சின. புதுமை நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம்.

அடுத்த கேள்வி தானாக வரும். அமெரிக்காவில் ஐந்து, சரி, மற்ற இடத்தில்?

1997-ல் ராபர்ட் மெக்ரேயும் பால் காஸ்டாவும், தங்கள் கேள்வித்தாளை ஜெர்மன், போர்த்துகீசியம், ஹீப்ரு, சீனம், கொரியம், ஜப்பானியம் என்று ஆறு மொழிகளில் கொடுத்துப் பார்த்து, எங்கேயும் அதே ஐந்துதான் என்றார்கள். மனித குலத்துக்கே பொதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். 2005-ல் 50 பண்பாடுகள். கல்லூரி மாணவர்களிடம், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி நிரப்பச் சொன்னார்கள். 11,985 தாள்கள். பெரும்பாலும் அதே ஐந்து. விஷயம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

'கல்லூரி மாணவர்கள்' என்ற இரண்டு வார்த்தையைக் கவனித்தீர்களா? எந்த நாடாக இருந்தாலும், வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்து, பரீட்சைத் தாளைப் பார்த்து, ஐந்து வட்டத்தில் ஒன்றை நிரப்பத் தெரிந்த ஆட்கள். பள்ளிக்கூடம் என்கிற பெரிய பண்பாடு இவர்கள் எல்லோரையும் ஏற்கெனவே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறது.

பள்ளிக்கூடமே பெரிதாகத் தெரியாதவர்களிடம் கேட்டால்?

கலிபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகத்து மைக்கேல் கர்வனும் கூட்டாளிகளும் கேட்டார்கள். இடம் பொலிவியாவின் அமேசான் தாழ்நிலம். அங்கே சிமானே என்று ஒரு பழங்குடி மக்கள். நெல், வாழை, மரவள்ளி பயிரிடுகிறார்கள், வேட்டையாடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். 30 பேர் முதல் 500 பேர் வரை உள்ள சிற்றூர்கள், சுமார் 90. கர்வன் கோஷ்டி ஹெலிகாப்டரில் இறங்கி இரண்டு நாளில் தாள் வாங்கிக்கொண்டு போன ரகம் இல்லை. 2002-லிருந்தே அங்கே ஆரோக்கியம், உணவு, மூப்பு என்று ஆராய்ந்து வருபவர்கள். அந்த 44 வாக்கியங்களின் ஸ்பானிஷ் வடிவத்தை சிமானே மொழிக்குக் கொண்டுவந்து, 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 28 ஊர்களில் 632 பேரை நேரில் உட்கார வைத்துக் கேட்டார்கள். சராசரி வயது 47. சராசரிப் படிப்பு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஐந்து டப்பா வரவில்லை. ஒரே டப்பாவில் இருக்க வேண்டிய வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பதில்கள் நிலையாக நிற்கவில்லை. நேரில் கண்ட நடத்தையோடும் சரியாகப் பொருந்தவில்லை. 'சரி, தன்னைப் பற்றித் தானே சொல்வதில் கூச்சமோ என்னமோ' என்று, 2011-ல் தொடங்கி, 430 பேரிடம் அவரவர் கணவனைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ கேட்டார்கள். (நம் ஊரில் செய்தால் சுவாரஸ்யமான டேட்டா கிடைக்கும்.) அப்போதும் வரவில்லை. பள்ளிக்கூடம் போனவர்களையும் ஸ்பானிஷ் தெரிந்தவர்களையும் மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதிலும் ஐந்து அமையவில்லை.

குறுக்குக் கேள்விகளை எடுத்துவிட்டதும் கொஞ்சம் தெளிந்தது. குறுக்குக் கேள்வி என்றால், ஒரு பக்கம் 'அதிகம் பேசுவேன்', கொஞ்சம் தள்ளி 'அதிகம் பேச மாட்டேன்' என்று ஒரே விஷயத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்பது. இரண்டுக்கும் ஆமாம் சொல்கிறவரைக் கண்டுபிடிக்கும் பொறி. அவற்றை நீக்கியதும் மூன்று டப்பாக்களின் சாயல் தெரிந்தது. ஆனாலும் ஐந்தோடு பொருந்தவில்லை. கடைசியில் இரண்டு பெரிய குணங்கள்தான் இங்கே ஓடுகின்றன என்றார்கள்: மற்றவர்களோடு நல்லபடி பழகி உதவுவது, உழைப்பு.

காரணமும் சொல்கிறார்கள். நகரத்தில் கூச்ச சுபாவி கணக்கு எழுதப் போகலாம், வாயாடி இன்ஷூரன்ஸ் விற்கலாம், ஒழுங்கே இல்லாத கற்பனைக்காரன் சினிமாவுக்குப் போகலாம். ஒவ்வொரு குணக் கலவைக்கும் எங்காவது ஒரு நாற்காலி உண்டு. நூறு பேர் ஊரில் எல்லோரும் விதைக்க வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், பங்கு போட வேண்டும். கலகலப்பு, இணக்கம் எல்லாம் ஒன்றாகவே பயணிக்கும். 2017-ல் 55 நாடுகளின் தகவலை வைத்து, சமூகச் சிக்கல் குறைந்த நாடுகளில் ஐந்து குணங்களும் ஒன்றோடொன்று அதிகம் ஒட்டிக்கிடப்பதாக இன்னோர் ஆய்வு வந்தது.

எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே ஒரு சந்தேகம். வந்த விருந்தாளி கேட்கிறாரே என்று ஒருவர் எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க' சொன்னாலும் எல்லா வாக்கியங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குணங்கள் உண்மையிலேயே பிரியாத சமூகமும், மரியாதைக்கு ஆமாம் போடும் சமூகமும் கணக்கில் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. குறுக்குக் கேள்விகளை எடுத்ததும் படம் மாறியதே, அது இந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. இரண்டாவது குறை இன்னும் பெரியது. சிமானேக்களின் 'இரண்டு' எதிலிருந்து வந்தது? பெர்க்லியின் 44-லிருந்து. வலையின் கண் அளவுக்குத்தான் மீன். அவர்கள் மொழியில் ஒரு மனுஷனைப் பற்றி எத்தனை வார்த்தை இருக்கிறது என்று 1936-ல் ஆங்கிலத்துக்குச் செய்ததுபோலச் செய்துவிட்டு அல்லவா எண்ணியிருக்க வேண்டும்? இருந்தாலும் இந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். 'வரவில்லை' என்று எழுதத் துணிந்தவர்கள் கம்மி.

மொழிபெயர்ப்பு எவ்வளவு படுத்தும் என்று பார்க்க, ஒரு சாயங்காலம் அந்த வாக்கியங்களை நானே தமிழாக்க உட்கார்ந்தேன். 'ரிசர்வ்டு' என்று ஒரு வார்த்தை. நமக்கு ரிசர்வ்டு என்றால் ரயில் பெட்டி. குணத்துக்கு? 'அமைதியானவர்' எனலாம். 'அழுத்தக்காரர்' என்றும் சொல்லலாம். இரண்டுமே அதிகம் பேசாத ஆசாமிதான். ஆனால் 'நீங்கள் அமைதியானவரா?' என்றால் பெண் பார்க்க வந்த வீட்டில் சொல்வதுபோல உடனே ஆமாம் வரும். 'நீங்கள் அழுத்தக்காரரா?' என்றால் அடிக்க வருவார்கள். அடுத்தது 'அசர்ட்டிவ்'. அடித்துப் பேசுகிறவர் என்று போட்டேன். அது மகனுக்குப் பாராட்டு, மருமகளுக்கு வசவு.

இதற்கு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடுவது. நல்ல வழிதான். ஆனால் அமைதியானவரும் அழுத்தக்காரரும் ஒரே 'ரிசர்வ்டு' ஆகத் திரும்பி வந்துவிடுவார்கள். அர்த்தம் பாஸ். தொனி வழியிலேயே இறங்கிவிடும். மார்க்கைத் தீர்மானிப்பது அந்தத் தொனி.

மறுபக்கமும் உண்டு. ரோஷம் எந்த டப்பா? வீம்பு? குசும்பு? வெள்ளந்தி? 'ஆள் கறார், ஆனா ஈரமுள்ளவர்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோமே, அதை எங்கே வைப்பது? ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் போடலாம், போட்டால் ரோஷம் செத்துப்போகும்.

சீனர்கள் இந்த இடத்தில் ஒரு வேலை செய்தார்கள். ஹாங்காங்கின் ஃபேனி சியுங்கும் சகாக்களும் மேலைநாட்டுத் தாளை மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, 1990-களில் தங்கள் மக்கள் பேசும் குணங்களிலிருந்தே ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். முகம் கெடாமல் பார்த்துக்கொள்வது, உதவிக்கு உதவி திருப்புவது, இசைவைக் காப்பது. அலசியபோது இவையெல்லாம் சேர்ந்து, பழைய ஐந்துக்குள் அடங்காத தனி டப்பாவாக நின்றன. வேடிக்கை என்னவென்றால், சீனாவுக்கு வெளியே ஹவாயில் கொடுத்தபோதும் அந்த டப்பா தெரிந்தது. கேட்கிறவர் கேட்டால்தான் பதில் இருக்கும் போலிருக்கிறது.

சரி, மொழி பிரச்னை தீர்ந்தது, ஐந்து டப்பாவும் ஒழுங்காக அமைந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு மார்க்கை ஒப்பிடலாமா?

2007-ல் டேவிட் ஷ்மிட்டும் குழுவினரும் 56 நாடுகளில் 17,837 பேரின் பதில்களை வெளியிட்டார்கள். 'பொறுப்பு' என்ற டப்பாவில் கடைசி வரிசையில் யார்? ஜப்பானியர்கள். சீனர்களும் கொரியர்களும் பக்கத்தில். ரயில் ஒரு நிமிஷம் லேட் என்றால் மன்னிப்புக் கேட்கிற ஊர்! முதல் வரிசையில் ஆப்பிரிக்க நாடுகள்.

இதைச் சரிபார்க்க ஸ்டீவன் ஹைனியும் அரா நோரென்சயானும் எமா பக்டெலும் 2008-ல் செய்த வேலை எனக்குப் பிடித்தது. நோரென்சயான் முன்பு ராபர்ட் லெவினோடு சேர்ந்து 31 நாடுகளில் எடுத்த அளவுகள் கைவசம் இருந்தன. நகர மையத்தில் ஜனங்கள் 60 அடி தூரத்தை எத்தனை விநாடியில் நடக்கிறார்கள், தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் கேட்டால் கொடுக்க எவ்வளவு நேரம், பாங்க் சுவரில் மாட்டிய கடிகாரங்கள் எவ்வளவு சரி என்றெல்லாம் போய்ப் பார்த்து அளந்தது. தபால் வேகத்தையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, 'நாங்கள் பொறுப்பானவர்கள்' என்ற சுயமார்க்கோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் தலைகீழ்.

காரணம் எளிமையானது. 'நான் பொறுப்பானவன்' என்று டிக் போடும்போது உலகத்தோடு யாரும் ஒப்பிடுவதில்லை. பக்கத்து டேபிள்காரனோடு ஒப்பிடுகிறோம். ஐந்து நிமிஷம் முன்னால் வருகிறவர்கள் நடுவே சரியான நேரத்துக்கு வருகிறவன் சோம்பேறி. இருபது நிமிஷம் லேட்டாக வருகிறவர்கள் நடுவே அவனே உத்தமன். அவரவர் ஊர் ஸ்கேல் அவரவர் கையில், அங்குலம்தான் வேறு.

(கடிகார ஆராய்ச்சியிலும் ஓட்டை உண்டு. கடிகாரம் சரியாக ஓடுவதற்குக் குணம் மட்டும் காரணமில்லை, பாட்டரி மாற்ற பட்ஜெட்டும் வேண்டும்.)

இதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த விபத்து என்று தள்ளிவிடலாம் என்றால், 2019-ல் ரஷீத் லாஜாஜ், கேரன் மகூர் முதலியோர் ஒரு பெரிய மூட்டையை அவிழ்த்தார்கள். வருமானம் குறைந்த, நடுத்தரமான 23 நாடுகள். வீடு வீடாகப் போய் எடுத்த சர்வேக்கள். 94,751 பேர். வழக்கமான கேள்விகள் அங்கே அளக்க வேண்டியதைச் சரியாக அளக்கவில்லை என்பது முடிவு. அதே நாடுகளில் இன்டர்நெட்டில் தாங்களாக வந்து நிரப்பிய 1,98,356 பேரின் பதில்களில் ஐந்து டப்பா ஒழுங்காகத் தெரிந்தது.

நாடு ஒன்றுதான், டப்பா மட்டும் இடம் மாறுகிறது. எனவே 'பண்பாடு' என்று நாம் பெரிய வார்த்தை போடுகிற இடத்தில், ஒரு பகுதி ரொம்பச் சின்ன விஷயம்: கேள்வி எப்படி வந்து சேர்ந்தது? தனியாக ஸ்க்ரீன் முன்னால் படித்தாரா, அல்லது கையில் பேடும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாக வந்து நிற்கும் ஒருவருக்கு, அடுப்பில் உலை கொதிக்கும்போது பதில் சொன்னாரா? 'நீங்கள் சோம்பேறியா?' என்று கார்டு மாட்டிய ஆசாமி கேட்டால் அது குணத்தைப் பற்றிய கேள்வி இல்லை. ரேஷன் கார்டு போய்விடுமோ என்ற கேள்வி.

கேள்வித்தாளே வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. பெரு நாட்டில் ஒரு வங்கி, சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும்போது மனவியல் கேள்விகளை வைத்துப் பார்த்தது. முன்பு கடன் வாங்கிய சரித்திரமே இல்லாதவர்களில் சிலருக்கு, வங்கியின் ரிஸ்க் கூடாமல் கடன் கிடைக்க அது உதவியதாக 2017-ல் ஆய்வு வெளியானது. அங்கே மார்க்கை மார்க்கோடு ஒப்பிடவில்லை. பணம் திரும்பி வந்ததா என்று பார்த்தார்கள். அந்த ஊர், அந்த ஆட்கள், அந்தக் கடன். தாளுக்கு வெளியே ஒரு சாட்சி இருந்தது.

சாட்சி இல்லாமல் ஓடியதற்கும் சரித்திரம் உண்டு. 1940-களில் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் பிறந்த பிரபல மனநலக் கேள்வித்தாள் ஒன்று. 'நார்மல்' என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த 724 பேரை. எல்லோரும் வெள்ளையர், பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள், தொழிலாளிகள். 1989-ல் திருத்தப்படும்வரை, அதை நிரப்பியவர்களைப் பெரும்பாலும் அந்த மின்னசோட்டா உறவினர்களோடுதான் நிறுத்திப் பார்த்தார்கள். கோவிந்தசாமி நார்மலா என்று தீர்மானித்தது, மாமியாருக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு மின்னசோட்டாக்காரர்.

இதையெல்லாம் படித்த தெம்பில், தங்கை மகனிடம், "ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதுடா" என்றேன். என் மார்க் யாருடைய சராசரியோடு ஒப்பிடப்பட்டது, அந்த ஆட்கள் எந்த ஊர், எந்த வருஷம்?

"திட்டுற மாதிரி இருக்காதா மாமா?"

"மரியாதையாவே கேளு."

கேட்டான். பதினோரு நிமிஷத்தில் பதில் வந்தது. அவனுடைய ஆர்வத்துக்கு நன்றி, எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள், இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம். கீழே, இந்தச் சேவை எப்படி இருந்தது என்று ஐந்து வட்டங்கள்.

"என்ன போடட்டும்?" என்றான்.